ஆறு மணிக்கு மடங்காத விரல்கள்

போன வாரம் சுஜாதா போன் செய்தாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கான வயர் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவள் முதலுதவி அறை நர்ஸ். இருபத்தாறு வருடம் நான் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில்தான் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணா, லைன்ல புதுசா கேமரா வெச்சிக்கிறாங்க. யாரு கண்ணு சொக்குதோ அவங்க பேரெல்லாம் லிஸ்டா என் டேபிளுக்கு வந்துடுது. நான் பாத்துட்டு ஃபிட்டா இல்லியான்னு போட்டு அனுப்பணுமாம். இன்னாத்த பாக்கறது, இன்னான்னு போடறது? நீங்க எப்டி பண்ணுவீங்க?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. கோபம் அவள் மேல் இல்லை. கேமராவின் மேலும் இல்லை. அது பாவம், கண் மூடினால் மூடியது என்கிறது. ஏன் மூடியது என்று கேட்பதற்குத்தான் அங்கே ஒரு மனுஷனைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த மனுஷன் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். போனில் சொன்னால் வசவாகத்தான் வரும் என்று தோன்றியதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நர்சிங் டிப்ளமா, பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் புண் கட்டி, ஊசி போட்டுப் பழகினேன். ஆண்பிள்ளை நர்ஸ் என்றால் ஊரில் சிரிப்பார்கள். தொழிற்சாலையில் வேலை கிடைத்த அன்று அந்தச் சிரிப்பு நின்றது. அடுத்த ஞாயிறு சர்ச் ஆராதனையில் என் அம்மா எழுந்து நின்று, இது கர்த்தர் செய்த நன்மை என்று சாட்சி சொன்னார்.

முதலுதவி அறைக்கு ஒரு முறை உண்டு. மேஜையில் பெரிய நோட்டு ஒன்று இருக்கும். வருகிறவரின் பெயர், டோக்கன் எண், வந்த நேரம், என்ன தொந்தரவு, என்ன மருந்து என்று நான் எழுதுவேன். கடைசிக் கட்டத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் ஒரு பாரசிட்டமால்கூட நான் கொடுத்ததில்லை. இதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

வேலையில் தூங்கி மாட்டியவர்களுக்குத் தனி முறை. சூப்பர்வைசர் கையோடு கூட்டிவருவார். நான் அவரை ஊதச் சொல்லி வாயை மோந்து பார்ப்பேன், குடித்திருக்கிறாரா என்று. அப்புறம் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம். எல்லாம் சரியாக இருந்தால் அச்சடித்த தாளில் 'பணிக்குத் தகுதி' என்று நீல மையில் ஒரு சீல், கீழே என் கையெழுத்து. மொத்தம் மூன்று நிமிடம். அந்தத் தாள் யாருக்கு உபயோகம் என்று நான் யோசித்ததே கிடையாது. இந்த ஆளுக்கு நோயும் இல்லை, போதையும் இல்லை, ஆகவே கொழுப்பெடுத்துத் தூங்கினான் என்று சாதிப்பதற்கான தாள் அது. அப்படி மூன்று தாள் சேர்ந்தால் குற்றப்பத்திரிகை வரும்.

எங்கள் டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிக்கு வருவார், பன்னிரண்டரைக்குப் போய்விடுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கிழிந்த விரலுக்குத் தையல் போட்டால் தழும்பு தேட வேண்டியிருக்கும். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். யாரையும் அதட்டமாட்டார். "சொல்லுங்கம்மா" என்று அன்பாகத்தான் ஆரம்பிப்பார். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் சீட்டு எழுதி முடிந்திருக்கும். பேனா மூடியை இடது கையிலேயே பிடித்திருப்பார், எப்போது மூடலாம் என்பதுபோல. "ஜுரம் இல்லைன்னா அவசரம் இல்லை, சாமுவேல்" என்பது அவர் எனக்குக் கொடுத்த மந்திரம்.

நானும் சளைத்தவன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் கேன்டீனில் சூடான டீயை வாயில் அடக்கிவைத்துவிட்டு நேராக வந்து தெர்மாமீட்டருக்கு வாயைத் திறந்தான். அது காட்டிய சூட்டுக்கு அவன் பிணமாகக் கிடந்திருக்க வேண்டும். மூச்சில் ஏலக்காய் மணத்தது. பிடித்துவிட்டேன். டாக்டர் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார். அன்றோடு எனக்குக் கொம்பு முளைத்தது. வருகிறவர்கள் எல்லோரும் நடிக்கிறார்கள், இல்லையென்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படி இருந்தவனிடம்தான் அமுலு வந்தாள்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. மணவாள நகரில் வீடு. அப்பா அம்மா கடம்பத்தூர் பக்கம் அறுவடைக்குப் போனவர்கள். கணவர் இறந்துவிட்டார், பத்தாவது படிக்கும் ஒரு மகள். காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு என்றால் கம்பெனி பஸ் நாலேகாலுக்கு அவள் தெருமுனைக்கு வரும். மூன்று மணிக்கு எழுந்தால்தான் முடியும். ஊசி மாதிரி இருக்கும் பித்தளை முனைகளை பிளாஸ்டிக் கூட்டுக்குள் 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்துவது அவள் வேலை. எட்டு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தாள், ஒரு குறை வந்ததில்லை.

முதல் தடவை அவள் வந்தபோது மணி ஆறு பத்து. "சார், கை மடங்க மாட்டேங்குது சார்" என்றாள்.

"இன்னாமா, ராத்திரி கைய கீழ போட்டுக்கினு தூங்கனியா?"

"தூங்கனாதான சார் கீழ போடறதுக்கு? படுத்தா மணிக்கட்டு, விரலு எல்லாம் குடையுது. பொரண்டு பொரண்டு படுக்கறேன். பொண்ணு எழுந்து அமுக்கி வுடுது. கொஞ்சம் கண்ணு அசந்தா அலாரம் அடிச்சுடுது. எழுந்தா கையி கல்லு மாரி கீது. பஸ்ஸுல வரச்சொல்லோ கம்பிய புடிக்க முடில."

நோய் முழுவதையும் அவள் சொல்லிவிட்டாள். இதைவிடத் தெளிவாகப் பாடப் புத்தகத்தில்கூட இல்லை. நான் ஒரு வலி மாத்திரையும் தேய்க்கத் தைலமும் கொடுத்து, நோட்டில் 'கை வலி' என்று இரண்டு வார்த்தை எழுதினேன்.

அதன்பிறகு காலை ஷிஃப்ட் வாரங்களில் இரண்டு மூன்று நாள் வந்தாள். பத்து மணி வாக்கில் அவள் கை இளகிவிடும். வலி விட்டதும், அதுவரை எட்டிநின்ற தூக்கம் வந்து அவளை அமுக்கிவிடும். கையில் வயரைப் பிடித்தபடியே தலை தொங்கிப்போகும். சூப்பர்வைசர் பாஸ்கர் கூட்டிவந்தான். "சார், சாமியாடிக்கினு கீது பாருங்க, நல்லா மந்திரிச்சு வுடுங்க" என்றான். நான் ஊதச் சொன்னேன், மோந்து பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், சீல் குத்தினேன். இரண்டு மாதத்தில் மூன்று முறை.

நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரிடமும் காட்டினேன். பதினொன்றரை மணி. "கையை மூடுங்கம்மா" என்றார். மூடினாள். "திறங்க." திறந்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

"இப்ப நல்லாதான் சார் கீது. காலைல ஆறு மணிக்கு வந்து பாருங்க சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். "ஆறு மணிக்கு என் கையையே நான் பார்க்கறதில்லையேம்மா." நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இதை எழுதும்போது என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

பெர்சனல் மேனேஜர் ஒரு படி மேலே போனார். மதியம் இரண்டு மணி ஷிஃப்டில் அமுலு முதலுதவி அறைக்கே வருவதில்லை என்று கண்டுபிடித்தார். வர மாட்டாள்தான். அந்த வாரங்களில் அவள் எழுந்து ஏழெட்டு மணி நேரம் ஆகியிருக்கும், கை இளகியிருக்கும். அவருக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. "காலை ஷிஃப்டுன்னா மட்டும் நோவு வருது. நல்லா இருக்கே கதை" என்றார். குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள். ஒன்று, மூன்று முறை வேலை நேரத்தில் தூங்கினார். இரண்டு, முதலுதவி நோட்டில் இவருடைய கையெழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வேறு யாரோ இவர் பெயரில் கையெழுத்துப் போட்டு மாத்திரை வாங்கியிருக்கிறார்கள், இவர் அந்த நேரத்தில் எங்கோ போய்ப் படுத்திருக்கிறார்.

இரண்டாவது குற்றச்சாட்டைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. அமுலுவுக்காக இல்லை, என் நோட்டுக்காக. என் கண்முன்னால் போடாத கையெழுத்து அதில் ஒன்றுகூடக் கிடையாது. என்னை நிர்வாகத் தரப்புச் சாட்சியாகப் போட்டிருந்தார்கள். விசாரணைக்கு முதல் நாள் மதியம் கேன்டீனுக்குப் போகாமல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அவள் பெயர் வந்த இடங்களையெல்லாம் பார்த்தேன்.

மேனேஜர் சொன்னது உண்மைதான். சில கையெழுத்துகள் அச்சு மாதிரி இருந்தன. சில கோணிக்கொண்டு, கட்டத்தைத் தாண்டி, எழுதத் தெரியாதவர் கிறுக்கியதுபோல் இருந்தன. பக்கத்தில் நான் எழுதிய நேரத்தைப் பார்த்தேன். ஆறு பத்து, கோணல். ஆறு ஐந்து, கோணல். பத்தரை, ஒழுங்கு. ஆறேகால், கோணல். பதினொன்றரை, முத்து முத்தாக. ஒன்றுகூடப் பிசகவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் அவள் பேனாவைக் கரண்டி பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடிப்பாள். ஒரு நாள் நான், "இன்னாமா, பள்ளிக்கூடமே போகாத மாரி கிறுக்கற?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். ஆறு மாதமாக அவள் தன் நோயைத் தானே கையெழுத்தாகப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அதற்குக் கோடு போட்டுப் பக்க எண் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன்.

மறுநாள் விசாரணையில் நேரத்தையும் கையெழுத்தையும் சேர்த்து ஒவ்வொன்றாக வாசித்தேன். விசாரணை அதிகாரியாக வந்த வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். மேனேஜர் வெளியே வந்து, "சாமுவேல், நீங்க யார் சாட்சின்னு மறந்துட்டீங்க" என்றார். கையெழுத்துக் குற்றச்சாட்டு விழுந்தது, தூங்கிய குற்றச்சாட்டு மட்டும் நின்றது. அன்றே நான் டாக்டரைக் கேட்காமல் தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, அடுத்த நாள் காலை அமுலுவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன்.

அங்கே மூட்டுநோய்ப் பிரிவில் ஒரு லேடி டாக்டர். குள்ளமாக, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தார். அமுலுவின் வலது கையைக் கைகுலுக்குவதுபோல் வாங்கி, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினார். "ஐயோ அம்மா!" என்று அமுலு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். அப்போது மணி பதினொன்றரை. எங்கள் டாக்டரும் அதே நேரத்தில்தான் பார்த்தார். மூடு, திற என்றதோடு விட்டுவிட்டார், அமுக்கிப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

அதன்பிறகு அந்த அம்மா கேட்டதே வேறு. "ராத்திரி எத்தனை தடவை முழிச்சுக்கற? குறட்டை விடுவியா? கால் சும்மா இருக்க மாட்டேங்குதா?" ஒவ்வொரு பதிலையும் எழுதிக்கொண்டார். ரத்தப் பரிசோதனை வந்தபிறகு என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் தன் மூட்டுகளையே தாக்குகிற நோய் இது, முடக்குவாதம். "வீக்கமும் வலியும் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டா வலி இன்னும் அதிகமாத் தெரியும், வீக்கமும் கிளறிவிட்டாப்பல ஆகும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விட்டுக்கிட்டே போகும். தூக்கம் இல்லாமதான் நோய் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது அவ்வளவு சுலபமாச் சொல்ற விஷயம் இல்லை. ஆனா இந்த நோயாளிகள்ல தூக்கம் கெடாதவங்க கம்மி. அதைக் கேட்காம வைத்தியம் பண்ணினா பாதி வைத்தியம்தான்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அங்க நர்ஸா? இவங்க தூங்கி விழுந்தப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். காய்ச்சல் பார்த்தேன் என்றேன், சீல் குத்தியதைச் சொல்லவில்லை.

முக்கியமான மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று அமுலுவின் மகளையும் கூப்பிட்டு மூன்று முறை சொல்லவைத்தார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டார்கள். ரத்தத்தை அடிக்கடி சோதிக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. எல்லாம் காப்பீட்டு அட்டையில் கிடைத்தது. ஆனால் அட்டை வேலையோடு ஒட்டிக்கொண்டிருப்பது. வேலை போனால் கொஞ்ச நாளில் அட்டை போகும், அட்டை போனால் மாத்திரை போகும். ஏற்கனவே வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் வெளிப்பக்கம் சாயத் தொடங்கியிருந்தன.

இவ்வளவையும் காகிதமாகக் கொண்டுபோய் மேனேஜரிடம் வைத்தேன். இரண்டு வாரத்தில் வேலைநீக்க உத்தரவு வந்தது. நோய் இப்போது இருக்கலாம், ஆனால் தூங்கிய அந்த மூன்று நாளும் அவர் பணிக்குத் தகுதியாக இருந்தார் என்று கம்பெனி நர்ஸே சீல் வைத்துச் சான்று கொடுத்திருக்கிறார் என்று அதில் இருந்தது. என் பெருமை, என் முறை, என் நீல மை எல்லாம் சேர்ந்து அவளைக் கேட்டுக்கு வெளியே தள்ளியிருந்தன.

அமுலு கேட்டில் எனக்காகக் காத்திருந்தாள். அழவில்லை. "சார், மூணு வாட்டி நான் நல்லா கீறேன்னு எழுதிக்கிறீங்க. நான் நல்லாவா சார் கீறேன்?"

"இல்லமா."

"அப்ப அத்த எழுதிக் குடுங்க."

எங்கள் டாக்டரிடம் சொன்னேன். முதல்முறையாகப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். "உங்க சான்றிதழை நீங்களே பொய்யின்னா உங்க ரெஜிஸ்ட்ரேஷனுக்கே ஆபத்து. ரிட்டயராக நாலு வருஷம் இருக்கு. பேசாம இருங்க." என் மேல் அக்கறையில்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கோபம். அந்த அக்கறையில் கால்வாசியை அவள் கையின் மேல் வைத்திருந்தால் நாங்கள் அங்கே வந்து நின்றிருக்க மாட்டோம். அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தேன். அந்த மூன்று சான்றும் செல்லாதவை, நான் முறையாகப் பரிசோதிக்கவில்லை என்று.

தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு பல மாதம் இழுத்தது. ஒரு நாள் கம்பெனி வக்கீல் என் கடிதத்தை ஆட்டிக்கொண்டு கேட்டார்: "பரிசோதிக்கவில்லை என்கிறீர்கள். பிறகு என்னதான் செய்தீர்கள்?"

"வாயை மோந்து பார்த்தேன் சார். காய்ச்சல், நாடி, பிரஷர் பார்த்தேன்."

"கையைப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"அந்தத் தாளில் கைக்குக் கட்டம் இல்லை சார்."

யாரோ சிரித்தார்கள். சமரசம் பேசிய அதிகாரி சிரிக்கவில்லை. கடைசியில் கம்பெனி இறங்கிவந்தது, அமுலுவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஒன்பது மணி ஷிஃப்ட், லேபிள் சரிபார்க்கும் வேலை. இப்போது ஆறு மணி நேரமாவது தூங்குகிறாளாம், காலையில் அரை மணியில் கை இளகிவிடுகிறதாம். சாய்ந்த இரண்டு விரல்களும் நிமிரவில்லை, இனி நிமிராது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த 'பணிக்குத் தகுதி' தாளில் மட்டும் ஒரு வரிகூட மாறவில்லை. டாக்டர் இன்னும் பதினோரு மணிக்குத்தான் வருகிறார். அதற்குள் கேமரா வாங்க மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சுஜாதா, நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். லிஸ்டில் வருகிறவரிடம் ராத்திரி எப்படித் தூங்கினார் என்று கேள். எழுந்ததும் உடம்பு இளக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேள். விரல் கணுக்களை அமுக்கிப் பார். குறட்டையைக் கேள். கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுது. கையெழுத்துப் போடச் சொன்னால், கேட்காமல் போட மாட்டேன் என்று சொல். நான் சொல்லாமல் போனதை நீயாவது சொல்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அமுலு வேலைக்குத் திரும்பிய செய்தி கம்பெனி பஸ்களிலேயே ஊர் ஊராகப் போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பொதட்டூர்பேட்டையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். ஐம்பது வயது இருக்கும். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். டம்ளரை விரல்களால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்கித் தூக்கினார்.

"என்னியத் தெரியுதா சார்?"

எனக்குத் தெரியவில்லை.

"நீங்க மோந்து பாத்த ஆளுதான் சார். பிரஸ் ஷாப்புல பித்தள முனை அடிச்சிக்கினு இருந்தேன். பன்னண்டு வருஷம் ஆச்சு. அப்பால மெட்ராஸ்ல காட்டனதுல இதே சீக்குன்னு சொல்ட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு எழுதிக் குடுத்தாப்பல எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க சார்."

வேலை திரும்பக் கிடைப்பது கஷ்டம், ரொம்ப வருடமாகிவிட்டது என்று இழுத்தேன்.

"வேல யாருக்கு சார் வேணும்? என் சம்சாரம் இன்னிக்கி வரிக்கும் நான் தூங்கித்தான் வேலையத் தொலைச்சேன்னு சொல்லிக்கினு கீறா. புள்ளைங்களும் அத்தயேதான் சொல்லுதுங்க. அவங்களாண்ட காட்டணும்."

உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்து உட்கார்ந்தேன். முதல் வரிக்கே அவரிடம் பெயரைக் கேட்க வேண்டியிருந்தது.